ஊதியூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர்

ஏலத்துக்கு வந்த சிவப்புக் காரின் குற்றப்பத்திரிகை அறுபத்து மூன்று பக்கம் இருந்தது. மகிழன் அதை அச்செடுத்து, பேரன் ஜாதகம் மாதிரி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, போன மாசம் ஃப்ரிட்ஜ் வாங்கறப்ப நாலு வரி படிக்கச் சொன்னதுக்குக் கொட்டாவி விட்டீங்க," என்றாள் அவன் மனைவி ஆதிரை.

"ஃப்ரிட்ஜ் எங்கப்பா ஓட்டினதா?"

தழும்புமானி வருவதற்கு முன்பு பழைய கார் வாங்குவது சுலபமாக இருந்தது. டயரை ஓர் உதை உதைப்பார்கள். பானெட்டைத் திறந்து, புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மூடுவார்கள். "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்பார் விற்பவர். அன்றைக்கு விற்ற கார்களையெல்லாம் நிஜமாகவே டாக்டர்கள் ஓட்டியிருந்தால் நோயாளியைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருந்திருக்காது.

பிறகு, இரும்பும் பிளாஸ்டிக்கும் எதையும் மறப்பதில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு அழுத்தமும் ஒவ்வொரு குலுக்கலும் உள்ளுக்குள் மெல்லிய தழும்பாக, மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகப் படிகிறது. தழும்புமானி அந்த அடுக்குகளைப் படித்து, எந்த வருடம் எந்த இருக்கையில் எத்தனை கிலோ மனிதர் எவ்வளவு நேரம் தூங்கினார் என்றுகூட எழுதிக் கொடுத்துவிடும். அதன் அறிக்கை இல்லாமல் எந்தக் காரும் இணைய ஏலத்தில் ஏறக் கூடாது என்று சட்டம் வந்தது. பழைய கார் வாங்குவது பத்திரமாகிவிட்டது. அறிக்கையைப் படித்த பிறகு வாங்கத்தான் ஆளில்லை.

மகிழனின் அப்பா காங்கேயத்தில் கொப்பரை வியாபாரி. மகனுக்குப் பதினாலு வயதாகும்போது இந்தக் காரை விற்றார். வாங்கியவரிடம் டாக்டர் வண்டி என்றுதான் சொன்னார். ஒன்பதாம் பக்கம் அதைக் கவனித்திருந்தது: "பின்னிருக்கையில் தேங்காய் எண்ணெய்ப் படிவு, மிக உயர்வு. உரிமையாளர் மருத்துவர் என்பதற்குச் சான்று இல்லை." பன்னிரண்டாம் பக்கத்தில், "நசுக்கிய எலுமிச்சம்பழங்கள்: 31."

முப்பத்தேழாம் பக்கத்தில் மகிழனே இருந்தான். "ஸ்டீரிங்கில் சிறுவர் ஒருவரின் இரு உள்ளங்கைகள். எடை சுமார் 26 கிலோ. ஊதியூர் முதல் காங்கேயம் வரை, 11 கிலோமீட்டர்."

"பாத்தியா! எட்டு வயசுல!"

ஆதிரை பார்க்கவில்லை. அவன் பெண் பார்க்க வந்த அன்றே அந்தக் கதையை அவள் கேட்டிருக்கிறாள். தாராபுரத்திலிருந்து திரும்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊதியூர் மலை தெரிகிற இடத்தில் அப்பா வண்டியை ஓரம் கட்டி, "வாடா, இனி உன்ற பாடு" என்று மடியில் தூக்கி வைத்தார். அவருடைய வலது முழங்கை ஜன்னலில். இடது கை கியரில். ஸ்டீரிங் முழுக்க மகிழன் கையில். எதிரே லாரி வந்தபோதுகூட அப்பா ஜன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீதான்டா ஓட்டற" என்றார். அதற்குப் பின் வாழ்க்கையில் யார் என்ன மட்டம் தட்டினாலும் மகிழன் மனசுக்குள் ஊதியூர் போய்விட்டு வந்துவிடுவான்.

சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, திரையில் உள்ளங்கையைப் பதித்து ஏலம் கேட்டான். அடுத்த நிமிடம் போன் வந்தது.

"மகிழன் அண்ணனுங்களா? ஏலவாசல் தகுதிப் பிரிவுல இருந்து நிரஞ்சன் பேசறனுங்க. உங்க ஏலம் ஜெயிச்சிருச்சுங்கண்ணா. ஆனா நீங்க தோத்துட்டீங்க."

"என்ன தம்பி சொல்ற?"

"இப்ப வண்டிக்கு மட்டுமில்லீங்க, வாங்கறவங்களுக்கும் தழும்பு பாக்கறமுங்க. பத்திரம்னா ரெண்டு பக்கமும் வேணுமல்ல? உங்க உள்ளங்கை ரேகை, முப்பத்தேழாம் பக்கத்துப் பையனோட ஒத்துப் போவுது. அது நீங்கதானுங்களா?"

"நானேதான்!" என்றான் மகிழன், நெஞ்சை நிமிர்த்தி.



"அண்ணா, நான் பாராட்டறதுக்குக் கூப்பிடலீங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டினவங்க தானா ஓடற வண்டி வாங்கலாமுங்க, கையால ஓட்டற வண்டி ஆயுசுக்கும் வாங்க முடியாதுங்க."

"எட்டு வயசுப் பையனுக்கு யாரு தம்பி லைசென்ஸ் குடுப்பா?"

"அதேதாங்க சட்டமும் கேக்குது. ஆனா ஒரு வழி இருக்குது. அடுத்த பக்கம் திருப்புங்க."

முப்பத்தெட்டாம் பக்கத்தில் மூன்றே வரி. "ஸ்டீரிங்கின் அடிவிளிம்பில் பெரியவர் ஒருவரின் இரு முழங்கால்களின் அழுத்தம். 11 கிலோமீட்டரும் இடைவெளி இல்லை. வண்டியைத் திருப்பியதில் சிறுவரின் பங்கு: பூஜ்யம்."

மகிழன் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"'நான் ஓட்டவே இல்லை'ன்னு போன்லயே சொல்லிட்டீங்கன்னா பதிஞ்சுக்குவனுங்க. வண்டி உங்களுது. அஞ்சு நிமிஷந்தானுங்க டைம். உங்களுக்கு அடுத்ததா ஏலம் கேட்டவரு பழைய இரும்புக்கு எடுக்கறவரு. நாளைக்கே நசுக்கிப் போடுவாரு."

போனை மார்பில் அழுத்திக்கொண்டு மகிழன் திரும்பினான். ஆதிரை கேலி பேசுவாள் என்று எதிர்பார்த்தான். போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், திறந்திருந்த பக்கத்தையும் படித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாமுன்னா விடுங்க," என்றாள். "கார் போனாப் போவுது. கதை உங்ககிட்ட இருக்கட்டும்."

"நூறு தடவை சொல்லிட்டேன்னு திட்டுவியே?"

"நூத்தி ஒண்ணாவதையும் கேட்டுக்கறேன், போங்க."

அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் அப்பா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அம்மா கேட்டதற்கு, மூட்டை இறக்கும்போது பிடித்துக்கொண்டது என்றார். அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவினாள். இருபத்தாறு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு, கால் பெடலில் இருக்க, முழங்காலைத் தூக்கிப் பிடித்தபடி பதினோரு கிலோமீட்டர். லாரி வந்தபோதும் முழங்கை ஜன்னலில்தான் இருந்தது.

மகிழன் போனைக் காதில் வைத்தான்.

"நான் ஓட்டல தம்பி. எங்கப்பாதான் ஓட்டினாரு."

"பதிஞ்சாச்சுங்கண்ணா. வாழ்த்துகள்."

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து இறங்கியது. ஆதிரை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், கணக்கு முப்பத்தைந்தானது. ஊதியூர் வரை போனார்கள். திரும்பும் வழியில் மலையைத் தாண்டியதும் மகிழன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்தான். உள்ளே இன்னமும் லேசாகக் கொப்பரை வாசம்.

வளைவு வந்தது. எதிரே ஒரு லாரி. அவன் கை திருப்பியதற்கு ஓர் இமைப்பொழுது முன்பே ஸ்டீரிங் அழகாகத் திரும்பிக்கொடுத்த மாதிரி இருந்தது. மகிழனுக்குக் கீழே பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை. எட்டு வயதிலும் அவன் பார்க்கவில்லை.

பக்கத்தில் ஆதிரை பொழுது போகாமல் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். அறுபத்து மூன்று. "வாங்குபவரின் பாதுகாப்பு கருதி, கையால் ஓட்டும் வண்டிகள் அனைத்தும் ஸ்டீரிங்கின் அடியில் துணையோட்டி பொருத்தியே ஒப்படைக்கப்படும். வண்டியை முழுவதும் அதுவே செலுத்தும். ஓட்டுபவருக்குத் தானே ஓட்டுவதாகத் தோன்றும்."

அவள் மெல்லக் குனிந்து பார்த்தாள். ஸ்டீரிங்குக்கு அடியில், அவன் மடிக்குச் சற்று மேலே, ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன போட்டிருக்குது கடைசில?" என்றான் மகிழன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆதிரை அறுபத்து மூன்று பக்கத்தையும் மூடி, தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வலது முழங்கையை வைக்க அவளுக்கு வலப்பக்கம் ஜன்னல் இல்லை. இடது முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள். "நீங்கதான் ஓட்டறீங்க."