கூடவே சொல்கிறவர்

பாட்டுக் கேட்கும்போது அந்தப் புது ஹெட்செட்டில் ஒரு குறையும் இல்லை. பாடம் நடத்த மைக்கைத் திறந்தால்தான் வினை. காதுக்கும் உலகத்துக்கும் நடுவில் யாரோ ஈரப் போர்வையைத் தொங்கவிட்டதுபோலச் சத்தம் சட்டென்று மங்கி, எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதாகக் கேட்டது.

வேறு வேலையாக இருந்தால் சமாளித்துவிடலாம். அவள் பேச்சுப் பயிற்சி தருகிறவள். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பாள். எதிரில் இருப்பவர் ‘பால்’ என்கிறாரா ‘மால்’ என்கிறாரா என்று பிரித்துக் கேட்க முடியாவிட்டால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பியிடம் போனில் புலம்பினாள். வயரில்லாத ஹெட்செட்டின் பிறவிக் குணமே அதுதான் என்று அவன் சிரித்தான். கேட்க மட்டும் என்றால் பாதை முழுக்க அதற்கே கிடைக்கும். மைக்கையும் திறந்துவிட்டால் போகிறதும் வருகிறதும் ஒரே சந்தில் இடித்துக்கொண்டு போக வேண்டும், சத்தம் சுருங்கிவிடும். ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு, மேஜைமேல் வைக்கிற வயர் மைக்கில் பேசச் சொன்னான்.

“அப்புறம் மங்கவே மங்காதுக்கா. மங்குச்சுன்னா, ஹெட்செட் மைக்கை யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம்.”

வயர் மைக் வந்தது. சத்தமும் தெளிந்தது. ஒரு வாரம் அவள் நிம்மதியாக வேலை பார்த்தாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். காயாத துணிகளை அவள் வேலை பார்க்கும் சின்ன அறையிலேயே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்ததால் அறை முழுக்க ஈர வாடை. சாயங்காலமே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஹாலில் மகள் குட்டி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பாடம் கண்டக்டருக்கு. ஒரு காலத்தில் பஸ்ஸே அதிரக் கத்திக்கொண்டிருந்த மனிதர். இப்போது ஒரு வார்த்தைக்குள் நெற்றி வியர்த்துவிடும். அவர் மனைவி எப்போதும் பக்கத்திலேயே இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இவரைக் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று கெஞ்சினேன், ஒரேயடியாகக் கேட்டுக்கொண்டார் என்று சொல்லிச் சிரித்து, உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“தண்ணி” என்றாள் அவள். கண்டக்டர் முக்கி முனகி, “த… த…” என்றார். “கதவு” என்றாள். அவர் வாய் திறந்த அந்த நொடியில் சத்தம் மங்கியது.

அவள் ஹெட்செட்டைத் தட்டிப் பார்த்தாள். தெளியவில்லை. அந்த மங்கலுக்குள்ளிருந்து கண்டக்டரின் மனைவி தயங்கித் தயங்கிப் பேசினார்.

“டாக்டரம்மா, உங்க பக்கத்துல இன்னொருத்தங்களுக்கும் பாடம் நடக்குதா?”

இல்லையே என்றாள் அவள்.

“நீங்க சொன்னதும் பின்னாடியே ஒருத்தங்க சொல்றாங்களே. பாவம், இவரை மாதிரியேதான் திக்கித் திக்கி. ஆனா நாலு நாளா நல்லா தேறிட்டாங்க.”

கண்டக்டர் திரையில் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, துணிகள் தொங்கிய பக்கம் பார்த்தார். நல்ல கை மேலெழுந்து எதையோ காட்டப் பார்த்தது. வாய் கோணிக்கொண்டு உழைத்தது. வார்த்தை வரவில்லை.

லைன் சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று எதையோ சொல்லி அவள் அழைப்பைத் துண்டித்தாள். திரும்பினாள். துணிகள். கணவரின் சட்டை, குட்டியின் பள்ளிச் சீருடை, துண்டு. மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தன. கொடியைத் தள்ளிப் பின்னால் பார்த்தாள். சுவர்தான்.

அழைப்பு முடிந்துவிட்டது. ஆனால் காதில் அந்த மங்கல் போகவில்லை. மூடிய ஹெட்செட்டின் அடைத்த, கனத்த இரைச்சல். தம்பி சொன்னது நினைவுக்கு வர, கம்ப்யூட்டரில் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தாள். ஹெட்செட் மைக் திறந்திருந்தது. அதன் பக்கத்தில், சத்தம் கேட்டால் ஏறி இறங்கும் பச்சைக் கோடு துள்ளியது. அவள் வாயைப் பொத்தினாள். மூச்சை அடக்கினாள். கோடு நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. சற்று இடைவெளி. மறுபடி ஏறியது. யாரோ ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொல்லிப் பார்ப்பதுபோல.

மைக்கில் விழுவதைக் கேட்கும் வசதி ஒன்று அங்கே இருந்தது. அதை அழுத்தக் கூடாது என்று தெரிந்தது. அழுத்தினாள்.

முதலில் மழை. பிறகு மூச்சு, ஈரமாக, மிக அருகில். பிறகு, “த… ண்ணி.”



“கத… வு. பால். பல்.”

அவள் பாடங்கள். அவள் சொல்லிக் கொடுத்த வரிசையில். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுத்தமாக. குரல் தடித்து, மெலிந்து, வழி தேடி, கடைசியில் ஓர் இடத்தில் வந்து நின்றது. அவளுடைய குரலில்.

“குட்டி” என்றது அது.

அந்த வார்த்தையை அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

காதில் மங்கல் விலகியது. பச்சைக் கோடு படுத்துவிட்டது. மைக் மூடிக்கொண்டது.

அவள் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அறையில் மழையும் மின்விசிறியும்தான். வேறொன்றும் இல்லை.

படுக்கையறையிலிருந்து அவள் குரல் கூப்பிட்டது. “குட்டி, இங்க வாடா கண்ணு.”

“வரேம்மா.”

சின்னப் பாதங்கள் ஹாலில் ஓடின. அவள் அறை வாசலைத் தாண்டி ஓடின. அவள் எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. மைக் வயர் காலில் சிக்கியது. விழுந்தாள். எழுந்து ஓடினாள். படுக்கையறைக் கதவு அவள் முகத்துக்கு நேரே மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

அடித்தாள். உதைத்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். கதவுக்கடியில் வெளிச்சம் இல்லை.

உள்ளே அவள் குரல் அவசரமே படவில்லை. நோயாளிகளிடம் பேசும் அதே கனிவு.

“பயப்படாத. என் வாயைப் பாரு. பாத்துச் சொல்லு.”

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு குட்டி, சின்னக் குரலில், கேட்டாள்.

“வாய் எங்கம்மா இருக்கு?”