இரண்டு வாய் உள்ள நிலவறை

“நாளைக்கு நொத்தாரிசிட்டக் கையெழுத்து வச்சால் வீடு எங்கடை. அதுக்கு முன்னம் அடியில என்ன கிடக்கெண்டு பாக்க வேண்டாமே? வாரும்!” என்றான் கஜரூபன்.

அவன் மனைவி துளசிகா நிலவறைக் கதவருகே நின்றுவிட்டாள். பிரான்சின் பெரிகோர் நாட்டுப்புறத்தில், வால்நட் தோப்புக்கு நடுவே நிற்கும் இந்தக் கல்வீட்டைக் கண்டதுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. பாரிசில் இருவரும் மாடாய் உழைத்துச் சேர்த்ததெல்லாம் இதற்குத்தான். ஆனால் வீட்டுக்காரர் மொறோ, “கீழே பழைய போர்க்காலத்துச் சுரங்கம் இருக்கிறது. பிரபு ஒருவர் பொன் புதைத்தாராம். வாசல் கல்வளைவு தளர்ந்திருக்கிறது, தொட்டுவிடாதீர்கள்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். புதையல் என்று காதில் விழுந்த பிறகு கஜரூபனைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்?

“இஞ்சாருங்கோ, எனக்குப் பங்கர் ஞாபகம் வருது. வேண்டாமப்பா.”

“ஒரு நிமிசம் பாத்திட்டு வருவம். நான் இருக்கிறன்தானே!”

எட்டு வயதில், வன்னியில், செல் குண்டு விழுந்து, குடும்பத்தோடு பதுங்கியிருந்த பங்கர் குழியின் வாய் மூடிய அன்றிலிருந்து அவள் லிஃப்டில்கூட ஏறுவதில்லை. அவனைத் தனியே விடவும் மனமில்லாமல் பின்னால் இறங்கினாள்.

சுரங்க வாசலில் கஜரூபன், கற்பூரமும் தீப்பெட்டியும் கிடந்த தோள்பையிலிருந்து தேங்காயை எடுத்தான். நல்ல காரியத்துக்கு முன் தேங்காய் உடைக்காமல் இருப்பானா? துருத்திக்கொண்டிருந்த வளைவுக் கல்லில் ஓங்கி ஒரே அடி!

தேங்காய் உடைந்தது. கல்லும் நழுவியது!

“உள்ளுக்கு ஓடும்!” என்று கத்தினான் கஜரூபன்.

மடமடவென்று வளைவு சரிந்தது. புழுதி அடங்கியபோது வந்த வழியே இல்லை. இருவரும் கத்தினார்கள். போனில் சிக்னல் இல்லை. கற்களை இழுத்தால் மேலும் கற்கள் விழுந்தன.

“என்னை மன்னியும், துளசி” என்றான் கஜரூபன்.

அவளுக்கு மூச்சு முட்டியது. வாயில் அன்றைய வன்னி மண் கரித்தது. அழுகையோடு சுவரைத் தடவியவளின் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பாறையில் குடைந்த இருக்கை, முழங்கால் உயரம்கூட இல்லை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் இருக்கை!

“இஞ்சையும் பிள்ளையளோடதான் ஒளிச்சிருக்கினம்” என்றாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது. “எங்கடை பங்கருக்கு ஒரே வாய்தான். அது மூடினாப் பிறகு, அப்பா ரெண்டு வாய் வைக்காமல் பங்கர் வெட்டினதேயில்லை. பிள்ளையளை வச்சிருந்தவை இஞ்சையும் வச்சிருப்பினம். கற்பூரத்தைக் கொளுத்துங்கோ!”

புகை இடப்பக்கப் பிளவை நோக்கிச் சாய்ந்தது. காற்று போகிற வழி!

தவழ்ந்தார்கள். கூரை முதுகை உரசியபோதெல்லாம் துளசிகா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே முன்னே போனாள். கடைசியில் வேர்கள், சருகுகள், வெளிச்சம்! தோப்புக்குள் தலையை நீட்டினாள்.

பின்னால் வெளியே வந்து மல்லாந்து கிடந்த கஜரூபன், “இந்த வீடு எங்களுக்கு வேண்டாம். மொறோவிட்டச் சொல்லி நட்டத்தைக் கட்டுவம்” என்றான்.

“ஓம், நடந்ததைச் சொல்லத்தான் வேணும். ஆனால் வீட்டை வாங்குவம். எங்களை வெளியில விட்ட வீடெல்லே.”

பயம் அவளை விட்டுப் போகவில்லை. பயந்து படித்த பாடம்தான் இன்று வழிகாட்டியது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மொறோவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். பிறகு நொத்தாரிசு முன் துளசிகா கையெழுத்திட்டாள். பேனாவை வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“முதல் வேலை அந்தக் கல்லுகளை எடுக்கிறது. எங்கடை வீட்டில ரெண்டு வாயும் திறந்திருக்க வேணும்.”