இரண்டாம் முறை கேட்கக் கூடாது

பரிமாறி இயந்திரம் சுகந்தியின் முன்னால் வந்து நின்று, "இட்லி வேண்டுமா?" என்று கேட்டது.

"எனக்கெதுக்குங்க, வேண்டாம்," என்றாள் அவள்.

அவள் மணிக்கட்டில் கிடந்த, சம்மதத்தையும் மறுப்பையும் பதியும் இசைவுக்காப்பு சிவந்தது. பரிமாறி அடுத்த மேசைக்குப் போய்விட்டது. அவள் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த மூன்று நாட்களாக, மூன்று வேளையும் இதே கதைதான். மகன் கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட்டும் நேற்றோடு தீர்ந்தது. எழுபத்தெட்டு வயது சுகந்தியின் ஊரில், நீட்டியதும் வாங்குகிறவளைப் பறக்காவெட்டி என்பார்கள். முதலில் வேண்டாம் என்பது மரியாதை. "அட, சாப்பிடுங்க" என்று இரண்டு தரம் சொன்ன பிறகு வாங்குவதுதான் முறை. காப்புக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. ஒருவர் மறுத்துவிட்டால் அடுத்த வேளை வரை அவரை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது. கேட்கும் ஊழியரின் பணி அட்டை அந்த நொடியே முடங்கிவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்த பூபதிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் அவர். காப்பைக் கட்டாயமாக்கிய மூத்தோர் உரிமைச் சட்டத்தை எழுதியதே அவர் தலைமையிலான குழுதான். இன்று அவருக்கும் இங்கேதான் வாசம். மேலாளர் யாழினியைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா சோறு தின்னு மூணு நாளாச்சு. இன்னொரு தடவ கேட்டா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"என் வேலை போயிரும். நீங்க எழுதுன சட்டம்தானுங்க சார்."

"பசிக்கிறவங்கள வேடிக்கை பார்க்கச் சொல்லி நான் எழுதல."

"முன்னெல்லாம் எங்கக்கா இதே வேலைல கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவா. அது கொடுமைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புனீங்க. இப்ப என்னையக் கெஞ்சச் சொல்றீங்களா?"

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவருக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. கோபத்தைச் சுகந்தியின் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்கம்மா, வாயில்லையா உங்களுக்கு? இங்க யாரும் உபசாரம் பண்ண மாட்டாங்க. வேணும்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க."

சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பரிமாறியைப் பார்த்தாள்.

"வேணுங்க. பசிக்குதுங்க. ரெண்டு இட்லி குடுங்க."

பரிமாறி திரும்பி வந்தது. தட்டை வெளியே நீட்டியது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது.

"இந்த இசைவு செல்லாது. பிறர் வற்புறுத்தியபின் தரப்பட்டது. பிரிவு பதினேழு. உங்கள் பாதுகாப்புக்காக ஒரு நாள் முழுவதும் உங்கள் எந்த இசைவும் ஏற்கப்படாது."

முதியவர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதைத் தடுக்க பூபதிராஜே சேர்த்த பிரிவு அது. குழுவில் எல்லோரும் எதிர்த்தார்கள். அவர்தான் ஒரு வாரம் சண்டை போட்டு நுழைத்தார்.

யாழினி சிரிக்கவில்லை. பூபதிராஜ் தன் தட்டைச் சுகந்தியின் பக்கம் தள்ளினார்.

"பரவால்லீங்க, நீங்க சாப்பிடுங்க," என்றாள் சுகந்தி.

சும்மா எடுத்துக்குங்க என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொன்னால் அவளுக்கு இன்னொரு நாள் பட்டினி கூடும். மூடிக்கொண்டார்.