மக்னோலியா மரத்தடியில் பதிந்த தடங்கள்

ஓய்வுபெற்ற பெண் காவல் அதிகாரி ரொலாந்த் கதவைத் திறந்தபோது, வாசற்படியில் நொர்மான் நின்றிருந்தான். நாற்பது வயது மனிதன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். பூட்ஸில் ஒட்டிய பனி உருகித் தரையை நனைத்துவிடும் என்று உள்ளே வரத் தயங்கினான்.

"உள்ளே வா, நொர்மான்."

"வேணாம் மேடம். இங்கயே நின்னு சொல்லிடறேன். ஒரு தடவை நீங்க என்னைப் பிடிச்சீங்க. அது நியாயம், நான் திருடியிருந்தேன். இன்னிக்கு ஊரே சேர்ந்து பிடிச்சிருக்கு. இதை நான் செய்யல."

உள்ளே மேசையில் பக்கத்து வீட்டு முதியவர் கேத்தான் அப்பத்தின் மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகு, ரொலாந்தின் வீட்டுக்கு வரும் வழக்குகளுக்காகவே காத்திருப்பவர் அவர். ஊற்றிய கை அப்படியே நின்றது.

"சாப்பாட்டை முடிங்க கேத்தான். வழக்கு ஓடிப்போகாது" என்றார் ரொலாந்த். பிறகு நொர்மானின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அன்று பிப்ரவரி தொடக்கத்தில் வரும் ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாள். சேந்த்-ஓரெல் ஊரில் அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பங்கு மக்கள் பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான மிதியடிகளைக் காலில் கட்டிக்கொண்டு, ஊர்த் தோட்டத்தைச் சுற்றி வருவார்கள். முந்தின நாள் மாலையே ஒருவர் தனியாக நடந்து பனியை மிதித்துப் பாதை போட்டுவைப்பார். இரவுக் குளிரில் அது இறுகிவிட்டால் குழந்தைகளும் முதியவர்களும் கால் புதையாமல் நடக்கலாம். இந்தக் குளிர்காலத்தில் அந்த வேலை நொர்மானுடையது. தண்டனைக் காலம் முடியுமுன்னே அவனை வெளியே விட்டிருந்தார்கள். வேலையில் இருக்க வேண்டும், அவன்மேல் புகார் எதுவும் வரக்கூடாது. இவைதான் நிபந்தனைகள். ஒரு புகார் போனாலும் மீதி நாட்களைச் சிறையில்தான் கழிக்க வேண்டும்.

"சொலாஞ்ச் அம்மாவோட மக்னோலியா மரம் மேடம். அவங்க பொண்ணு மிரேய் ஆத்துல மூழ்கிப் போனப்புறம் வச்சது. நவம்பர்ல கம்பளியும் சாக்குத்துணியும் சுத்தி அவங்க கையாலயே கட்டுவாங்க. இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா மரம் வெறுமனே நிக்குது. ராத்திரி அடிச்ச குளிருக்கு மொட்டெல்லாம் போயிருக்கும். பாதையிலேர்ந்து மரம் வரைக்கும் தடம். என் மிதியடித் தடம்."

"உன்னோடதுதான்னு எப்படிச் சொல்றே?"

"எல்லாரும் அலுமினியம் போடறாங்க. எங்கப்பாவோட மரச்சட்டம் வச்ச பழசு என்கிட்டதான் இருக்கு. பின்னால வால் மாதிரி நீளும். அந்த வால் கோடு போட்டிருக்கு."

"ராத்திரி அதை எங்க வச்சிருந்தே?"

"தோட்டத்து மண்டபத்துக்கு வெளிச் சுவத்துல மாட்டியிருந்தேன். அதை யாரு எடுக்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

*

மண்டபத்தில் பட்டாணி சூப்பின் மணம் நிறைந்திருந்தது, ஆனால் யாரும் கிண்ணத்தை எடுக்கவில்லை. ஜன்னலோரம் சொலாஞ்ச் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் எமிலியேன் அவர் கையைப் பற்றியிருந்தார். தோட்டக் கழகத்தின் தலைவர் எமிலியேன்தான். நொர்மான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

"இவனை உங்களுக்குத் தெரியாதா ரொலாந்த்? நீங்கதானே உள்ள வச்சீங்க" என்றார் சொலாஞ்ச். "பாதை மரத்துக்கு ரொம்பக் கிட்டப் போகுதுன்னு நேத்து சாயங்காலம் கொஞ்சம் சத்தம் போட்டேன். அதுக்கு இப்படியா பண்றது? கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாம். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"மரம் சாகாது, சொலாஞ்ச்" என்றார் எமிலியேன் தாழ்ந்த குரலில். "மொட்டு மட்டும்தான் போகும். வேர்மேல ஃபிர் கிளை கனமாக் கிடக்கு, தாங்கிக்கும்."

"மொட்டு போனா வசந்தத்துல நான் எதைப் போய்ப் பார்க்கறது?"



"போலீசுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார் ரொலாந்த்.

"எல்லாரும் சொல்லச் சொல்றாங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னேன்" என்றார் எமிலியேன், தரையைப் பார்த்தபடி.

"காலையில யாராவது பாதையை விட்டு மரத்துக்கிட்டப் போனீங்களா?"

"நான் ஓடப் பார்த்தேன்" என்றார் சொலாஞ்ச். "இவன்தான் குறுக்கே கையை நீட்டி எல்லாரையும் தடுத்தான். தடம் அழிஞ்சிடுமாம்."

கேத்தான் ரொலாந்தின் காதருகே குனிந்தார். "தனக்கு எதிரான சாட்சிக்குத் தானே காவல் நிக்கறவனை நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான். வாங்க, போய்ப் பார்ப்போம்."

*

முந்தின மாலை நொர்மான் பாதை போட்டு முடித்த பிறகு ஆற்றுப் பக்கமிருந்து பலத்த காற்று வீசி, நள்ளிரவில் ஓய்ந்திருந்தது. புதுப் பனி விழவில்லை. அவன் மிதித்த பாதை இப்போது வயல்வரப்பு மாதிரி உயர்ந்து நின்றது. அதிலிருந்து மரத்துக்குப் பிரிந்த தடங்களோ பள்ளமாக, விளிம்பு கூர்மையாகத் தெரிந்தன. ரொலாந்த் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேத்தான் அளவு நாடாவை விரித்து ஒரு தடத்தை அளந்தார். "அதே நீளம். சந்தேகமே இல்ல. இந்த மிதியடிதான்."

"மிதியடி இதுதான்னு அவனே சொல்லிட்டான், கேத்தான். கால் யாருடையதுங்கறதுதான் கேள்வி."

மரத்தடியில் பனி பெரிதாகக் குழிந்திருந்தது, யாரோ மல்லாந்து விழுந்ததுபோல. அதற்கு முன்னால் இரண்டு குறுகிய ஓட்டைகள். கட்டியிருந்த கயிறு அறுபடவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டு, கயிறு சுருளாகக் கிளையில் தொங்கியது.

நொர்மான் மரத்தைப் பார்த்துவிட்டு, அகலமாக ஒரு வட்டமடித்துத் திரும்பினான்.

"ரெண்டடி பின்னால வச்சா முடிஞ்சது. எதுக்குப்பா ஊரைச் சுத்தறே?" என்றார் கேத்தான்.

"பின்னால வச்சா வால் பனியில குத்திக்கும் ஐயா. மல்லாந்துடுவேன். இதைப் போட்டவன் யாரும் பின்னால கால் வைக்க மாட்டான்."

ரொலாந்த் மண்டியிட்டு, மரத்தடியில் குவிந்திருந்த பனியைக் கையால் விலக்கினார். உள்ளே பச்சை மாறாத ஃபிர் கிளைகள். கிறிஸ்துமஸ் முடிந்து ஊரார் தோட்ட வாசலில் குவித்துவைத்த மரங்களிலிருந்து ஒடித்தவை. அவற்றின் கீழே சாக்குத்துணியும் கம்பளியும் ஒழுங்காக மடித்து, வேரைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அதற்கும் கீழே பழைய, இறுகிய பனி. அதனடியில், நவம்பரில் சொலாஞ்ச் பரப்பிய காய்ந்த இலைகள்.

ரொலாந்த் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, விலக்கிய பனியைத் திரும்ப மூடினார்.

*

"நொர்மான் பாதை போடும்போதே இதைச் செஞ்சான்னு நினைக்கறீங்க" என்று மண்டபத்தில் ரொலாந்த் தொடங்கினார். "மிதிபட்ட பனி இறுகிடும். அப்புறம் காத்தடிச்சா சுத்தியிருக்கற தளர்ந்த பனி பறந்து போய், தடம் மேடா நிக்கும். அவன் போட்ட பாதை அப்படித்தான் நிக்குது. மரத்துக்குப் போற தடம் பள்ளமா இருக்கு. அது காத்து நின்னப்புறம் வச்ச கால்."

"அப்ப விடியறதுக்குள்ள திரும்பி வந்திருக்கலாமே?" யாரோ கேட்டார்கள்.

"வந்தது யாரோ, அவருக்கு வால் மிதியடி பழக்கமில்ல. பின்னால கால் வச்சு மல்லாந்து விழுந்திருக்கார். வால் குத்தின ஓட்டை அப்படியே இருக்கு. நொர்மான் அந்த மிதியடியிலதான் நடக்கவே கத்துக்கிட்டான்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

"இன்னொண்ணும் இருக்கு. வந்தவர் கயித்தை அறுக்கல. கையுறையைக் கழட்டிட்டு, அந்தக் குளிர்ல ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்திருக்கார். துணியை மடிச்சு வேரைச் சுத்தி வச்சு, மேல ஃபிர் கிளை போட்டு, பனியால மூடியிருக்கார். அவருக்கு மரம் சாகக்கூடாது. பூ மட்டும் வரக்கூடாது."

கேத்தான் வாய்திறந்தார். ஃபிர் கிளை என்ற சொல்லை இதே மண்டபத்தில் சற்று முன் எமிலியேன் வாயால் கேட்டது அவருக்கு நினைவு வந்தது. சொலாஞ்ச் எப்போதும் காய்ந்த இலைதான் போடுவார், பனிக்கடியில் கிடந்த கிளை பாதையில் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ரொலாந்த் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"நான் பேர் சொல்லப்போறதில்ல. நொர்மான் இல்லைங்கறது மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே சொல்லட்டும், அதுதான் அவருக்கு நல்லது."

எமிலியேன் மனைவியின் கையை விட்டுவிட்டு எழுந்தார்.

"நான்தான், சொலாஞ்ச்."

சொலாஞ்ச் அவரை ஏதோ வேறு மொழியில் பேசியவரைப்போலப் பார்த்தார்.

"ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அது பூக்காம இருந்தா நீ வீட்ல இருப்பியோன்னு நெனச்சேன். என் மிதியடி மண்டபத்துக்குள்ள பூட்டிக்கிடந்தது. வெளியில மாட்டியிருந்ததை எடுத்தேன். இவன் பேர் வரும்னு அப்ப தோணல. வந்தப்ப எழுந்திருக்கணும்னு தோணுச்சு. கால் எழல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மே மாசம் வந்தாலே சொல்றேன். நீ காலையில போய் அதுக்கடியில உக்காந்துடறே. இருட்டினப்புறம்தான் வர்றே. மிரேயை ஆறு கொண்டுபோச்சு. உன்னை யாரு கொண்டுபோனான்னு எனக்குத் தெரியல."

சொலாஞ்ச் முகத்தை மூடிக்கொண்டார். கைகளை எடுத்தபோது, அவர் முதலில் திரும்பியது கணவர் பக்கம் அல்ல.

"நொர்மான், நான் உன்னை..."

"விடுங்கம்மா. உங்க இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"நினைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

"புகார் எதுவும் போகாது" என்றார் எமிலியேன், கூடியிருந்தவர்களைப் பார்த்து. "போகணும்னா என் பேர்ல போகட்டும். இவன் இந்த வேலையில இருப்பான். தலைவரா நான் இருக்கறதும் வேண்டாங்கறதும் உங்க இஷ்டம்."

சூப்புக் கரண்டியுடன் நின்றிருந்த ஒரு பெண் ஒரு கிண்ணத்தை நிரப்பி, நொர்மானின் எதிரே வைத்தாள். பக்கத்தில் ரொட்டியையும் வைத்தாள்.

சொலாஞ்ச் எழுந்து கோட்டை மாட்டினார். "அதை மறுபடி கட்டணும். வெளிச்சம் இருக்கும்போதே" என்றவர் வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தனியா என்னால முடியாது. நீங்களும் வாங்க."

எமிலியேன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மிதியடியைக் கட்ட முயன்றார். வார் கொக்கிக்குள் நுழையவில்லை. இரண்டாம் முறையும் நழுவியது. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

நொர்மான் சூப்பை விட்டு எழுந்து வந்தான். சற்று முன்வரை தன்னைச் சிறைக்கு அனுப்பவிருந்த மனிதரின் முன்னே மண்டியிட்டான்.

"காலை நீட்டுங்க ஐயா. ரொம்ப இறுக்கினா ரத்தம் ஓடாது, விரல் மரத்துப்போயிடும். இப்ப சரியா இருக்கா?"

எமிலியேன் தலையை மட்டும் அசைத்தார். நொர்மான் மறு காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.