வலித்திருப்பி

ஊரில் யாரும் யாரையும் கைநீட்டி அடித்து ஏழு வருஷமாகிறது. அடித்தால் அந்த வலி அடித்தவனுக்கே திரும்பி வரும்; எல்லார் மணிக்கட்டிலும் வலித்திருப்பி கட்டியிருந்தது. வாயால் அடிப்பதற்கு மட்டும்தான் தடையில்லை. அந்த ஓட்டையையும் அன்று மதியம் அரசாங்கம் அடைத்துவிட்டது. இனிச் சொல்லால் வரும் வலியும் சொன்னவருக்கே திரும்பும்.

மாலை ஆறரைக்கு மதுரை அரங்கில் மாதங்கி அரசி வேஷத்தில் மேடையேறினாள். பழைய துன்பியல் நாடகம். விருந்தாளியாக வந்து உறங்கும் மன்னனைக் கொல்லத் தயங்குகிற கணவனை, அரசி ஏசி ஏசியே கையிலுள்ள கத்தியால் குத்த வைக்க வேண்டும். கணவனாக வேலப்பன். ஆறடி உயரம், முறுக்கு மீசை, இருபது வருஷமாக வீரர் வேஷம் மட்டுமே கட்டுகிறவர்.

"உறங்குகிறவனைக் கண்டே கை நடுங்குகிறதே, நீரெல்லாம் ஓர் ஆண்மகனா?" என்றாள் மாதங்கி.

சொல்லி வாய் மூடவில்லை, நெஞ்சில் உலக்கையால் இடித்ததுபோல் இருந்தது. அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" வேலப்பன் குனிந்து கிசுகிசுத்தார்.

"அண்ணே, இது என் வலி இல்லை. உங்களோடது."

"எனக்கா? சேச்சே! வெறும் வசனம். இதுல எனக்கென்ன வலி?"

ஒலிவாங்கி இதையெல்லாம் அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்த விருந்தாளி மன்னர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஒத்திகையோடு சேர்த்து இந்த வசனத்தை அறுபது தடவையாவது சொல்லியிருப்பாள் மாதங்கி. அத்தனை தடவையும் இந்த மனுஷன் இதை வாங்கிக்கொண்டா நின்றார்? அடுத்த வசனம் இதைவிடக் கொடூரம். அவளுக்கு வாய் வரவில்லை.

"கத்தியைக் கீழே போடுங்கள், நாதா," என்று சொந்தமாக ஒன்றை எடுத்துவிட்டாள். "பாவம், அவர் உறங்கட்டும். நாமும் போய்ப் படுப்போம்."

அதற்காகவே காத்திருந்தவர்போல் வேலப்பன் கத்தியைப் போட்டார்.

கொலையே நடக்காத துன்பியலா? நானூறு பேர் கொதித்தெழுந்தார்கள்.

"குத்துய்யா! பொண்டாட்டி சொன்னா கீழ போட்டுருவியா? நீயெல்லாம் ஆம்பளையா?"

மறுகணம் முதல் வரிசை தொடங்கிக் கடைசி வரிசைவரை அத்தனை பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். வேலப்பன் மட்டும் மார்பை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் அடக்க அடக்கக் கீழே முனகல் கூடிக்கொண்டே போனது.

எல்லாரையும்விட உரக்கக் கத்திய மூன்றாம் வரிசை முரடன் தட்டுத்தடுமாறி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, புண்ணியமாப் போகும், கொஞ்சம் அழுதுருங்க! எங்களால தாங்க முடியலை!"