பதினேழாம் வயலின் விளைச்சல்

"தாகம்!" என்று பதினேழாம் வயல் மூன்றாவது முறையாகக் கத்தியது. உலகம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தண்ணீர் வரும் மடையைச் சேறு போட்டு அடைத்தாள். கீழ் வரப்பை மண்வெட்டியால் வெட்டினாள். தேங்கி நின்ற தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடியது. வரப்பில் நட்டிருந்த பலகையில் அவளுடைய மதிப்பெண் தொண்ணூற்று ஒன்றிலிருந்து எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

நெடுங்கரை வேளாண் கல்லூரியில் இப்போது ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவதில்லை. பயிர்கள் போடுகின்றன. ஒவ்வொரு வயலிலும் நூறு இலைகளில் நகக்கண் அளவுக்கு இலைநா என்ற கருவி பொருத்தியிருக்கிறது. இலைக்குள் ஓடும் மின்துடிப்பைப் படித்து அது மூன்றே சொற்களில் பேசும்: தாகம், பசி, வலி. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அந்த வயலைப் பயிரிடும் மாணவருக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தவர் கல்லூரி முதல்வர் வேதமாணிக்கம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே தத்துவம். பிள்ளை எதற்கெல்லாம் அழும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அவரே வந்தார்.

"யாரைக் கேட்டுத் தண்ணிய வடிச்ச?"

"கதிருல பால் பிடிச்சு முடிஞ்சாச்சு சார். இனி காயப் போட்டாத்தான் நெல்லு முத்தும். பத்து நாள்ல அறுத்துரலாம்."

"பயிரு தாகம்னு சொல்லுது. நீ இல்லைங்குற. பயிர விட உனக்குத் தெரியுமோ?"

"கேட்டதெல்லாம் குடுத்தா அது இலையாத்தான் விடும் சார். நெல்லு போடணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?"

பக்கத்து வயலில் நின்ற பெனடிக்ட் சிரித்தான். அவன் வயல் பசி என்றால் யூரியா வீசுவான், தாகம் என்றால் தண்ணீர் விடுவான். பயிர் இடுப்பளவு கரும்பச்சையாக நின்றது. பலகையில் தொண்ணூற்று ஒன்பது.

"நாப்பதுக்குக் கீழ போனா பட்டம் கிடையாது, தெரியும்லா?" என்றார் முதல்வர். "அன்னைக்கே வெளியதான்."

தெரியும். வேளாண் அலுவலர் வேலைக்கு அந்தப் பட்டம் வேண்டும். அதற்காகத்தான் உலகம்மாள் நான்கு வருடம் இந்தச் சிடுமூஞ்சியைச் சகித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் விளைந்து வரும் நெல்லைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வயல் காயக் காய மதிப்பெண் இறங்கியது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்தபோது நாற்பத்திரண்டு மிச்சம் இருந்தது.

பத்தாம் நாள் அரிவாளோடு இறங்கினாள். முதல் தூரை அறுத்ததும் "வலி!" என்றது வயல். மூன்றாவது தூரில் முப்பத்தொன்பது. அதற்கு மேல் குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? முழுவதையும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டாள். ஐந்து சென்ட்டில் நூற்றிருபது கிலோ. மூட்டைகளைக் கல்லூரிக் கிடங்கில் அடுக்கிவிட்டு, நீக்க உத்தரவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மற்ற முப்பத்தொன்பது மாணவர்களும் அறுக்கவே இல்லை. அவள் கதியைப் பார்த்த பிறகு யார் அரிவாளைத் தொடுவார்கள்? நூற்றைம்பது நாள் ஆகியும் பயிர்கள் ஒரு முனகல் இல்லாமல் பச்சைப் பசேலென்று சாய்ந்து கிடந்தன. பெனடிக்ட் யாருக்கும் தெரியாமல் ஒரு கதிரை விரலால் நசுக்கிப் பார்த்தான். பதர். முப்பத்தொன்பது பேரும் முதல் வகுப்பில் தேறினார்கள்.

மாநிலம் முழுவதும் இலைநா பொருத்த அரசு தயாராக இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: இலைநா வைத்த வயலில் எவ்வளவு நெல் விளைந்தது?

மறுநாளே வேதமாணிக்கம் உலகம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் நூத்திருபது கிலோவ அறிக்கையில போடணும். பயிரிட்டவ கைரேகை வேணும்."

"உங்க மிஷின் சொன்னதைக் கேக்காததுனாலதான் சார் அது வெளஞ்சுது."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்ல. உன் வயல்ல இலைநா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?"

பையிலிருந்து பட்டத்தை எடுத்து நீட்டினார். அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது. எறியவில்லை. கட்டை விரலை வைத்தாள்.

அடுத்த வருடம் மாநிலத்தின் எல்லா வயல்களும் பேசின. மதிப்பெண் நாற்பதுக்குக் கீழே போகும் நிலத்துக்கு மறுபோகம் வாய்க்கால் தண்ணீர் கிடையாது என்று சட்டம் வந்தது. வேளாண் அலுவலர் உலகம்மாளின் மேசைக்கு வந்த முதல் புகார் ஆவுடையப்பன் என்ற விவசாயியின் மேல். தண்ணீரை வடித்துவிட்டாராம்.

நோட்டீஸோடு போனாள். வயல் பொன்னாக விளைந்து கிடந்தது. ஆவுடையப்பன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெல்லு முத்துனது கண்ணுக்குத் தெரியலையா? இதுக்கா தண்ணியை நிறுத்துதீக?"

"சட்டம் அப்படி இருக்கு, அண்ணாச்சி."

"இந்தக் கருமத்தை வச்சா வெளையும்னு எந்தக் கூறுகெட்ட பய சொன்னான்?"

நோட்டீஸின் பின்பக்கத்தில் அது அச்சிட்டிருந்தது. அவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"முன்மாதிரி விளைச்சல். ஐந்து சென்ட், நூற்றிருபது கிலோ. பயிரிட்டவர், உலகம்மாள்." நிமிர்ந்தார். "யாரும்மா இந்தச் சண்டாளி? எங்க இருக்கா?"

உலகம்மாள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெல்லத் திருப்பிக்கொண்டாள். அவர் காறித் துப்பிவிட்டு வயலில் இறங்கி முதல் தூரைப் பிடித்தார். வயல் கத்தியது. அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.