வெயிலில் நின்ற மூட்டைகள்

"தம்பி பேரை மட்டும் இஸ்துடாத மலரு… பொண்ணு வூட்ல இப்பதான் ஒத்துகினாங்கோ. அவன் வேலை பூட்ச்சுன்னா கல்யாணமே நின்னுடும்!"

"அப்போ என் வேலை?"

"உனுக்குதான் நான் கீறேனே!"

போன வருடம் கணவன் வரதன் கெஞ்சியதும், தான் தலையசைத்ததும் மலர்க்கொடிக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. வலிதான் இல்லை. மரத்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

திருவொற்றியூர் கம்பெனியின் கலவை அறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியாவை வளர்த்து, பவுடரில் கலந்து, ஈரோட்டு மஞ்சள் விவசாயிகளுக்கு அனுப்புவார்கள். விதைக்கிழங்கை அதில் நனைத்து நட்டால் வேரழுகல் அண்டாது. உயிருள்ள சரக்கு, வெயில் ஆகாது.

கொழுந்தன் பகலவன் அதே கம்பெனியில் வேன் டிரைவர். கத்திரி வெயிலில், மணலி ரோட்டோரம் லோடு வண்டியைப் போட்டுவிட்டு, தோஸ்து கல்யாணமென்று மூன்று நாள் போய்விட்டான். தார்ப்பாய்க்கு அடியில் அத்தனையும் செத்துப்போயின. அந்தச் செத்த பவுடரில் நனைத்து நட்ட கிழங்குகள் ஈரோட்டில் அழுகின. திரும்பி வந்த மூட்டைகளைச் சோதித்துவிட்டு மேனேஜர் கேட்டபோது, "நான்தான் சார் சரியா கலக்கல" என்றாள் மலர்க்கொடி. அன்றே வேலை போயிற்று.

இன்று காலை, பகலவனின் மனைவி மகிழினி அதே கலவை அறையில் வேலை கேட்டுப் போகக் கிளம்பி நின்றாள்.

"அக்கா வேலை செஞ்ச எடம்தானே? அவங்க பேரைச் சொல்லட்டா?"

"அய்யய்யோ, வாணாம்! அண்ணி பேரு அங்க கலீஜாயிகீது" என்று தலை வாரியபடியே சிரித்தான் பகலவன்.

"பின்ன? வெறும் பவுடரை மூட்ட கட்டி அனுப்புனாளே புண்ணியவதி! எத்தினி பேரு வயித்துல அட்ச்சா!" என்றாள் மாமியார் ரமாபாய்.

"மெய்யாலுமாக்கா?" மகிழினியின் குரல் இறங்கியது.

வரதன் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மலர்க்கொடி ஸ்டவ்வை அணைத்தாள்.

"பகலவா… அந்த மூணு நாளு வண்டி எங்க நின்னுச்சின்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"மலரு, இப்போ இன்னாத்துக்கு அது…" என்று இழுத்தான் வரதன்.

"அவரே சொல்லட்டும்!" என்றாள் மகிழினி.

பகலவனின் முகம் வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தாம்மா… நான்தான் வண்டியை வெயில்ல வுட்டேன்! அண்ணி மேல தப்பே இல்ல…"

ரமாபாய் ஓடிவந்து மூத்த மருமகளைக் கட்டிக்கொண்டாள். "அடிப்பாவி! ஒரு வருஷமா என் வாயில வுழுந்துகினு கெடந்தியே… சொல்லக்கூடாதா!"

எல்லோரும் அழுதார்கள். மலர்க்கொடிக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. மாமியாரின் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, கொழுந்தனின் எதிரில் வந்து நின்றாள்.

"அழுதது போதும், எழுந்திரு. இப்பவே என்கூட கம்பெனிக்கு வா. நான் கலந்து குட்த்தது உயிரோடதான் இருந்துச்சின்னு மேனேஜராண்ட உன் வாயால சொல்லு."